ஸ்மார்ட்மான்டூல்ஸை நம்பியிருக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேமிப்பகச் சர்வர்களைக் கட்டிக் காக்கும் நிர்வாகிகளே,

ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்பது ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தம் நிலைமையைப் பற்றித் தமக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளைப் படித்துச் சொல்லும் கட்டற்ற மென்பொருள். அதில் இரண்டு நிரல்கள் உண்டு. ஸ்மார்ட்சிடிஎல் கேட்டால் பதில் சொல்லும். ஸ்மார்ட்டி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மாற்றி வைக்காதவரை 1800 விநாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு டிஸ்க்கையும் விசாரித்து, கோளாறு தெரிந்தால் மெயில் அனுப்பும். கட்டளையை நேரடியாகத் தட்டாதவர்களிடமும் இது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்க்கின் நலம் காட்டும் பக்கம், செஃப் சேர்த்துவைக்கும் டிஸ்க் அளவீடுகள், ஓப்பன்மீடியாவால்ட், ஸ்க்ரூட்டினி, பிரோமிதியஸுக்கு எண்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் எக்ஸ்போர்ட்டர் எல்லாமே கடைசியில் போய் நிற்பது ஸ்மார்ட்சிடிஎல்லின் வாசலில்தான்.

அந்த நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் திரையின் மேலே பதிப்புரிமை வரி ஒன்று வரும். அதில் இருப்பவை புரூஸ் ஆலன், கிறிஸ்டியன் ஃபிராங்கே என்ற இரண்டு பெயர்கள். மூலநிரலோடு வரும் ஆசிரியர் பட்டியலில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உலகெங்கும் இந்தக் கருவியின் சொல்லைக் கேட்டு டிஸ்க் மாற்றும் உங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டியல் மிகச் சிறியது. இந்த இடைவெளிதான் இந்த மடலின் விஷயம்.

கருவிக்கு என்ன தேவை என்பது புரிய, அது எதைப் படிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டிஸ்க் தன் சாவை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தை ஐபிஎம் 1992இல் தன் ஸ்கஸி டிஸ்க்குகளில் செயல்படுத்தியது. காம்பாக், டிஸ்க் தயாரிப்பாளர்கள் சிலரோடு சேர்ந்து உருவாக்கிய இன்டெலிசேஃப் என்ற முறையை 1995இல் தரநிலையாக்கத்துக்கு முன்வைத்தது. இரண்டின் வழியிலும் உருவானது ஸ்மார்ட். ஏடிஏ தரநிலைக்குள் அது வந்தபோது ஒரு கேள்விக்குத்தான் எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி பதில் சொல்லும்படி ஆனது: நீ நலமா, இல்லையா? எத்தனை செக்டர்கள் இடம் மாற்றப்பட்டன, எத்தனை மணி நேரம் ஓடியது, வெப்பம் எவ்வளவு என்று நீங்கள் உண்மையில் பார்க்க விரும்பும் பண்புகளின் அட்டவணைக்கு இன்றைய ஏடிஏ தரநிலையில் இடமே இல்லை. தயாரிப்பாளர்கள் வழக்கம் கருதித் தொடர்ந்து தருகிறார்கள். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள்.

இதனால் வரும் குழப்பத்துக்கு எண் 9 நல்ல உதாரணம். டிஸ்க் ஓடிய நேரம் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலான டிஸ்க்குகளில் அது மணிக்கணக்கு. சில பழைய டிஸ்க்குகளில் நிமிடக் கணக்கு, சிலவற்றில் விநாடிக் கணக்கு, இன்னும் சிலவற்றில் அரை நிமிடக் கணக்கு. எந்தக் கணக்கு என்று டிஸ்க் சொல்லாது. வாங்கி ஓராண்டு ஆன டிஸ்க் அறுபது ஆண்டுகள் ஓடியதாகத் திரையில் வந்தால் தவறு டிஸ்க்கில் இல்லை, அலகு தெரியாததில்தான் இருக்கிறது. சீகேட்டின் பல மாடல்களில் எண் 1இலும் எண் 7இலும் வரும் மூல மதிப்பு கோடிக்கணக்கில் இருக்கும். புதிதாக வந்த நிர்வாகி அதைப் பார்த்து அரண்டுபோய் டிஸ்க்கைக் கழற்றிவிடுவார். அந்த 48 பிட் எண்ணின் மேல் 16 பிட்டில்தான் பிழைகளின் எண்ணிக்கை இருக்கிறது. கீழ் 32 பிட் டிஸ்க் செய்த வேலைகளின் கணக்கு. பிரித்துப் பார்த்தால் பிழை பெரும்பாலும் பூஜ்யமாகவே இருக்கும்.

இத்தகைய வேறுபாடுகளை எல்லாம் மாடல் வாரியாக எழுதி வைத்திருக்கும் கோப்புக்கு டிரைவ்டிபி என்று பெயர். ஸ்மார்ட்மான்டூல்ஸின் உயிர் இந்தக் கோப்பில் இருக்கிறது. மற்ற நிரல் வரிகள் எல்லாம் அதைச் சுற்றி எழுந்தவை என்றே சொல்லலாம். ஒவ்வொரு பதிவிலும் டிஸ்க் குடும்பத்தின் பெயர், மாடல் எண்ணுக்குப் பொருந்தும் வடிவம், ஃபர்ம்வேருக்கான வடிவம், எச்சரிக்கை இருந்தால் அதன் வாசகம், எந்தப் பண்பை எப்படிப் படிப்பது என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். புதிய வெளியீட்டுக்குக் காத்திராமல் இந்தக் கோப்பை மட்டும் இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளத் தனிக் கட்டளையும் உண்டு.

அந்த எச்சரிக்கை வாசகங்களைப் பொறுமையாகப் படித்தால் டிஸ்க் தொழிலின் கடந்த இருபது ஆண்டுக் கதையும் கிடைத்துவிடும். சாம்சங்கின் எஃப்4 வரிசையைச் சேர்ந்த ஹெச்டி204யூஐ என்ற 2 டெராபைட் டிஸ்க்கில், எழுதுவதற்கு வரிசையில் நின்ற தரவு, டிஸ்க்கின் அடையாளத்தைக் கேட்கும் கட்டளை இடையில் வந்தால் காணாமல் போகும் சிக்கல் இருந்தது. டிஸ்க்கின் நலத்தை விசாரிக்கும் செயலே தரவை அழித்தது. சாம்சங் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஆனால் பதிப்பு எண்ணை மாற்றவில்லை. கெட்ட ஃபர்ம்வேரும் திருத்திய ஃபர்ம்வேரும் ஒரே எண்ணைக் காட்டும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதையே ஸ்மார்ட்சிடிஎல் எச்சரிக்கையாகச் சொல்கிறது. குரூஷியலின் எம்4 எஸ்எஸ்டி 5184 மணி நேரம் ஓடியதும் பதில் சொல்லாமல் போனது. 2012இல் திருத்தம் வந்தது. அதே நிறுவனத்தின் எம்எக்ஸ்500இல் மாற்றக் காத்திருக்கும் செக்டர்களைச் சொல்லும் எண் 197 திடீரென்று ஒன்று என்று காட்டிவிட்டு மறுபடி பூஜ்யமாகிவிடும். ஸ்மார்ட்டியிடமிருந்து நடு இரவில் மெயில் வாங்கி எத்தனை பேர் தூக்கம் கெட்டார்களோ. தரவுத்தளத்தில் அந்தப் பண்பின் பெயருக்கு முன்னால் ‘போகஸ்’ என்ற சொல்லைச் சேர்த்து விட்டார்கள். பராமரிப்பாளர்களின் நகைச்சுவைக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

இந்த அறிவு எந்தத் தயாரிப்பாளரின் ஆவணத்திலும் மொத்தமாக இல்லை. யாரோ ஒருவர் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, வந்த எண்ணைச் சந்தேகித்து, ஸ்மார்ட்சிடிஎல் காட்டிய முழு வெளியீட்டையும் திட்டத்துக்கு அனுப்பினார். இன்னொருவர் தம்மிடம் இருந்த அதே மாடலில் சரிபார்த்தார். பராமரிப்பாளர் ஒரு பதிவை எழுதினார். ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் உங்களைப் போன்ற ஒருவர் இருக்கிறார். புதிய மாடல் சந்தைக்கு வரும்போதெல்லாம் இது முதலிலிருந்து நடந்தாக வேண்டும். நிரல் பழசாகாமல் இருக்கலாம், தரவுத்தளம் ஒவ்வொரு மாதமும் பழசாகிறது.

‘இந்த டிஸ்க் ஸ்மார்ட்சிடிஎல் தரவுத்தளத்தில் இல்லை’ என்ற வரியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பண்புகளின் பட்டியலில் ‘அறியப்படாத பண்பு’ என்று நான்கைந்து வரிகள் வந்ததையும் பார்த்திருக்கிறீர்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் டிஸ்க்கைப் போட்டுச் செருகினால், இடையில் இருக்கும் பாலச் சில்லு எதுவென்று தெரியவில்லை, வகையை நீங்களே சொல்லுங்கள் என்று நிரல் கேட்டதும் நினைவிருக்கும். பெரும்பாலோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிலர் தேடி, எந்த வகை வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அதைத் தம் அலுவலகத்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். அடுத்த ஊரில் அதே பெட்டியை வாங்கிய இன்னொருவர் அதே தேடலை மறுபடி தொடங்குகிறார். அந்த வரிகளைப் பிழைச் செய்தி என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. அவை உங்களிடம் கேட்கப்படும் உதவி.

அந்த உதவியைச் செய்யாமல் விடுவது உங்கள் மீதான முதல் குறை. இரண்டாவது குறை, கருவியைத் தவறாகப் படிப்பது. ‘பாஸ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தேடிப் பிடிக்கும் ஸ்கிரிப்டுகள் எண்ணற்ற சர்வர்களில் ஓடுகின்றன. அந்தச் சொல், தயாரிப்பாளர் வைத்த வரம்புகளை டிஸ்க் இன்னும் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. வரம்பை வைத்தவரும் உத்தரவாதம் கொடுத்தவரும் ஒருவரே என்பதை மறக்க வேண்டாம். ஸ்மார்ட்சிடிஎல் முடியும்போது திருப்பித் தரும் எண்ணின் 8 பிட்டுகளும் தனித்தனிச் செய்தி சொல்கின்றன: கட்டளை தவறியதா, டிஸ்க் திறக்கவில்லையா, பண்பு ஒன்று வரம்பைத் தொட்டுவிட்டதா, பிழைப் பதிவில் ஏதாவது இருக்கிறதா, தன்சோதனை தோற்றதா என்று. கையேட்டில் இது விரிவாக இருக்கிறது. பூஜ்யமா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு, கருவி பொய் அலாரம் அடிக்கிறது என்று குறை சொல்பவர்கள் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறக்காதவர்கள்.

கருவியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரைப்படி, மேற்பரப்பை வாசிக்கும்போது முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதே கட்டுரைதான், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவற்றில் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றும் சொன்னது. பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் தன் டிஸ்க்குகளைப் பற்றி எழுதியபோது 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து பண்புகளை எடுத்துக்கொண்டது. செத்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இவற்றில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதத்தில் மட்டுமே அப்படி இருந்தது. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால், அறிகுறி வந்தால் நம்ப வேண்டும், வராவிட்டால் பேக்கப்பை நம்ப வேண்டும் என்பது தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல், முன்னறிவிப்பு இல்லாமல் டிஸ்க் போய்விட்டது என்று கோபத்தோடு எழுதப்படும் வழு அறிக்கைகள் பராமரிப்பாளரின் மாலை நேரத்தைத் தின்கின்றன. பாதி வெட்டிய திரைப்பிடிப்பு ஒன்றை ஒட்டி, ‘வேலை செய்யவில்லை’ என்று இரண்டு சொற்களில் முடியும் அறிக்கைகளும் அப்படியே.

மூன்றாவது குறை நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு. சேமிப்பகப் பெட்டிகளை விற்பவர்கள் தம் தயாரிப்புக்குள் ஸ்மார்ட்சிடிஎல்லை வைத்து, தம் ரெய்ட் கன்ட்ரோலருக்கு ஏற்ற திருத்தங்களை உள்ளுக்குள்ளேயே செய்துகொள்வது உண்டு. ஜிபிஎல் உரிமத்தின்படி மூலநிரலைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒரு சுருட்டிய கோப்பாக, எந்த விளக்கமும் இல்லாமல். சட்டம் அதோடு திருப்தி அடைகிறது. திட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. திருத்தத்தைத் தனியாகப் பிரித்து, எதற்காக, எந்த ஹார்ட்வேரில் சோதித்தது என்று எழுதி மேலே அனுப்பும்போதுதான் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். அனுப்பாமல் வைத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் அந்தத் திருத்தத்தைத் தாங்களே மறுபடி பொருத்திக்கொண்டிருக்க வேண்டும். சுயநலமாகப் பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கு.

கருவியைப் பராமரிப்பதில் உள்ள உண்மையான சிரமம் ஹார்ட்வேர். மெகாரெய்ட், 3வேர், அரேகா, ஹெச்பியின் ஸ்மார்ட் அர்ரே என்று ஒவ்வொரு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கையும் எட்ட வெவ்வேறு வழி தேவை. ஜேமைக்ரான், ரியல்டெக், ஏஎஸ்மீடியா என்று யூஎஸ்பி பாலச் சில்லுகள் ஒவ்வொன்றும் கட்டளையைத் தன் வழியில் கடத்துகின்றன. இவை எல்லாவற்றையும் வாங்கி மேசையில் அடுக்கி வைத்துக்கொள்ளத் தன்னார்வலர் எவராலும் முடியாது. உங்கள் சர்வர் அறைகளில் அவை ஏற்கனவே இருக்கின்றன. என்விஎம்இ வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். என்விஎம்இயின் சுகாதாரப் பதிவு தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டது. எஞ்சிய மாற்றிடம் எவ்வளவு, ஆயுளில் எத்தனை சதவீதம் கழிந்தது என்பதெல்லாம் எந்த நிறுவனத்தின் டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் கிடைக்கும். 2016இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து ஸ்மார்ட்மான்டூல்ஸ் அதைப் படிக்கிறது. ஆனால் அந்த டிஸ்க்கையே யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் பழைய கதை மறுபடி தொடங்கிவிடுகிறது. மலிவான பெரிய கொள்ளளவு வேண்டிய இடங்களில் சாட்டா, சாஸ் ஹார்ட் டிஸ்க்குகள் இன்னும் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன.

கவனிக்கப்படாத கருவி என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஹெச்டிடிடெம்ப் என்ற சிறு நிரல் டிஸ்க்கின் வெப்பத்தை மட்டும் சொல்லிவந்தது. 7634ஆம் போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். எத்தனையோ டெஸ்க்டாப் அளவீட்டுச் செயலிகள் அதைக் கேட்டுத்தான் வெப்பத்தைக் காட்டின. அதற்கும் ஒரு தரவுத்தளக் கோப்பு இருந்தது: எந்த மாடலில் எந்தப் பண்பில் வெப்பம் இருக்கிறது, அது செல்சியஸா பாரன்ஹீட்டா என்று. அந்தத் திட்டம் 0.3 பதிப்பின் பதினைந்தாம் பீட்டாவில் நின்றுபோனது. டெபியன் போன்ற வழங்கல்கள் பல ஆண்டுகள் தம் சொந்தத் திருத்தங்களால் அதை நடமாட வைத்தன. புதிய டிஸ்க்குகளைத் தம் பிரதியில் மட்டும் சேர்த்துக்கொண்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். கடைசியில் டெபியனும் அதைக் கைவிட்டது. அதன் வேலையை 2020இல் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலின் டிரைவ்டெம்ப் தொகுதி எடுத்துக்கொண்டது. வெப்பம் என்ற ஒரே எண் என்பதால் அது கெர்னலுக்குள் அடங்கியது. ஆயிரக்கணக்கான மாடல்களின் விநோதங்களைச் சுமக்கும் ஒரு கோப்பைக் கெர்னல் ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் நின்றால் அதை ஏந்திக்கொள்ளக் கீழே எதுவும் இல்லை.

நின்றுபோன கருவியை மீட்டெடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி ஸ்மார்ட்மான்டூல்ஸேதான். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்ன்வெல் தம் பட்டப்படிப்பு ஆய்வாக ஸ்மார்ட்சூட் என்ற நிரலை எழுதினார். பிறகு அதன் வளர்ச்சி நின்றது. 2002இல் அதை எடுத்தவர் புரூஸ் ஆலன். அவர் டிஸ்க் பொறியாளர் அல்லர். ஈர்ப்பலைகளைத் தேடும் இயற்பியலாளர். அந்த ஆராய்ச்சிக்கு ஏராளமான கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டர்கள் தேவைப்பட்டன. அத்தனை டிஸ்க்குகள் சேர்ந்த இடத்தில் ஏதாவது ஒன்று செத்துக்கொண்டே இருக்கும். தம் வேலைக்குத் தேவைப்பட்டதைத் தேடியபோது கிடைத்த நிரல் கேட்பாரற்றுக் கிடந்தது. அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. ஜிபிஎல் உரிமம் இருந்ததால் இருந்ததையே எடுத்து, சரிசெய்து, புதுப் பெயரில் வெளியிட்டார்; அதை எப்படிப் பயன்படுத்துவது என்று 2004 ஜனவரி லினக்ஸ் ஜர்னலில் கட்டுரையும் எழுதினார். மூல ஆசிரியரின் பெயர் இன்றும் கையேட்டில் இருக்கிறது. பயன்படுத்துபவரே பராமரிப்பாளராக மாறியதால்தான் அந்த நிரல் பிழைத்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்களில் திறமையானவர்கள், வார இறுதியில் கை அரித்தால், புதிய மொழி ஒன்றில் புதிய டிஸ்க் கண்காணிப்புக் கருவி எழுதத் தொடங்குகிறார்கள். வண்ண வண்ண வரைபடங்கள், இருண்ட திரை, கைபேசி அறிவிப்பு எல்லாம் வரும். உள்ளே பார்த்தால் ஸ்மார்ட்சிடிஎல்லை அழைத்து அதன் ஜேசான் வெளியீட்டைப் படித்துக்கொண்டிருக்கும். ஜேசான் வசதி 7.0 பதிப்பில் வந்தது. அதன் பிறகு இத்தகைய முகப்புகள் பெருகியதில் வியப்பில்லை, அவற்றில் சில மிக நன்றாகவும் இருக்கின்றன. முகப்பு எழுதுவது தவறில்லை. முகப்புக்கு நூறு பேரும் அடித்தளத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவர்களும் என்ற விகிதம்தான் தவறு. முகப்பில் ‘அறியப்படாத பண்பு’ என்று தெரிந்தால் அதைத் திருத்த வேண்டிய இடம் முகப்பு அல்ல.

வெளியீடுகளின் தேதிகளையும் பாருங்கள். 7.0 வந்தது 2018 டிசம்பரில். 7.1 அடுத்த டிசம்பரில், 7.2 அதற்கடுத்த டிசம்பரில். 7.3க்கு 2022 பிப்ரவரி ஆனது, 7.4க்கு 2023 ஆகஸ்ட், 7.5க்கு 2025 ஏப்ரல். இதைச் சாவின் அறிகுறி என்று படிக்க வேண்டாம். முதிர்ந்த மென்பொருளுக்கு மாதமொரு வெளியீடு தேவையில்லை, தரவுத்தளம் இடையிலும் புதுப்பிக்கப்படுகிறது. ரூட் உரிமையோடு ஓடி, டிஸ்க்குக்கே நேரடியாகக் கட்டளை அனுப்பும் நிரலில் அவசரம் ஆகாது என்பதற்கு மேலே சொன்ன சாம்சங் டிஸ்க் போதும். ஆனாலும் இடைவெளி ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்தை நோக்கிப் போகிறது. டிஸ்க்கில் ஒரு பண்பின் மதிப்பு இப்படி நகர்ந்தால் நீங்கள் கவனிக்காமல் விடமாட்டீர்கள்.

பராமரிப்பாளர்களைக் கூட்ட வேண்டும் என்று சொல்வது எளிது. எப்படிக் கூட்டக் கூடாது என்பதை எக்ஸ்இசட் நிகழ்வு காட்டிவிட்டது. கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியின் ஒற்றைப் பராமரிப்பாளரை, வேகம் போதாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சிலர் நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பொறுமையாக உதவி, நம்பிக்கை பெற்று, வெளியீடு செய்யும் உரிமையையும் பெற்றார். 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் சந்தேகித்துத் தோண்டியதால் மார்ச் இறுதியில் அது வெளியே வந்தது. ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு இருக்கும் அதிகாரத்தை நினைத்தால், இங்கே அப்படியொன்று நடந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. ஆகவே பராமரிப்பாளரிடம் போய் ‘ஏன் தாமதம், விலகிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பவர் உதவி செய்யவில்லை, ஆபத்துக்கு வழி திறக்கிறார். பொறுப்பு மெதுவாகத்தான் கைமாற வேண்டும்: முதலில் பிறர் அனுப்பிய திருத்தங்களைப் படித்து, தம் ஹார்ட்வேரில் ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்வது, பிறகு தரவுத்தளப் பதிவுகள், பிறகு ஒரு கன்ட்ரோலரின் பகுதிக்கு மட்டும் பொறுப்பு. அடையாளம் தெரிந்த, வேலையிடம் தெரிந்த, சந்தித்துப் பேசக்கூடிய மனிதர்கள் இதற்கு முன்வர வேண்டும். அந்த மனிதர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். கண்மாயில் தண்ணீர் எடுத்தவர்களே கரைக்கு மண்ணும் வெட்டிப் போட்டார்கள்; அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் போதும். உங்கள் டிஸ்க்குகளில் எவை தரவுத்தளத்தில் இல்லை என்று ஒரு முறை எல்லா சர்வர்களிலும் ஓட்டிப் பாருங்கள். முதலில் கோப்பைப் புதுப்பியுங்கள், ஏனென்றால் வழங்கலோடு வந்த பிரதி பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். அதன் பிறகும் இல்லை என்று வரும் மாடல்களின் முழு வெளியீட்டை அனுப்புங்கள். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு தடுக்கும் என்றால், வரிசை எண்ணை மறைத்துக் காட்டும் தெரிவு ஸ்மார்ட்சிடிஎல்லிலேயே இருக்கிறது. மற்ற அடையாள எண்களை ஒரு முறை கண்ணால் பார்த்து நீக்கிவிடலாம். ஒரே மாடலில் வெவ்வேறு ஃபர்ம்வேர் இருந்தால் இரண்டையும் அனுப்புங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் வெளியீடு நலமாக இருக்கும் டிஸ்க்கினுடையதைவிடப் பயனுள்ளது. கழற்றி எறிவதற்கு முன் எடுத்துவையுங்கள்.

கன்ட்ரோலர்களும் யூஎஸ்பி பெட்டிகளும் பழைய சர்வர்களும் சும்மா கிடக்கும் அலுவலகங்களில் இருப்பவர்கள், வெளியீட்டுக்கு முந்தைய நிரலைக் கட்டி அவற்றில் ஓட்டிப் பாருங்கள். உற்பத்திச் சர்வரில் வேண்டாம். வேலை செய்தால் வேலை செய்தது என்று சொல்வதும் அறிக்கைதான். பராமரிப்பாளருக்கு அது மிக அரிதாகவே கிடைக்கிறது. ஸ்மார்ட்டி அனுப்பும் மெயில் உங்களுக்கு உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று சோதனை மெயில் ஒன்றை அனுப்பிப் பார்ப்பதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். இது திட்டத்துக்காக அல்ல, உங்களுக்காக.

குழுத் தலைவர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சேமிப்பகத்துக்கு உரிமக் கட்டணமாக நீங்கள் கட்டும் தொகையை ஒரு பக்கம் வையுங்கள். அதே டிஸ்க்குகளைக் காவல் காக்கும் இந்தக் கருவிக்கு நீங்கள் இதுவரை கொடுத்தது என்ன என்பதை மறுபக்கம் எழுதுங்கள். உங்கள் குழுவில் சி++ தெரிந்த ஒருவருக்கு மாதத்தில் ஒரு வேலை நாளை இதற்கென்று எழுத்தில் ஒதுக்கிக் கொடுங்கள். சொந்த நேரத்தில் செய்யட்டும் என்று விட்டால் நடக்காது. ஆறு மாதத்தில் அவர் களைத்துப்போவார். உள்ளே வைத்திருக்கும் திருத்தங்களை மேலே அனுப்ப அவருக்கு அனுமதி கொடுங்கள். உங்கள் தயாரிப்பில் இந்தக் கருவி இருந்தால், அதை வாடிக்கையாளர் பார்க்கும் ஆவணத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்த பதிப்புக்கு முன் ஒவ்வொரு சர்வர் அறையிலிருந்தும் ஒரு டிஸ்க்கின் வெளியீடாவது திட்டத்துக்குப் போய்ச் சேரட்டும். தொடங்குவதற்கு வேண்டிய கட்டளை உங்கள் கணினிகளில் ஏற்கனவே நிறுவப்பட்டிருக்கிறது.